காஸி: இல்லாத கப்பலைத் தேடி வந்த நீர்மூழ்கி

1971 டிசம்பர் 3 இரவு. நள்ளிரவு தாண்டிக் கொஞ்ச நேரம். விசாகப்பட்டினத்தில் நிறைய பேர் தூங்காமல் ரேடியோ பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள். அன்று சாயங்காலம்தான் பாகிஸ்தான் விமானங்கள் மேற்கு எல்லையில் இந்திய விமானதளங்கள் மீது குண்டு போட்டிருந்தன. பிரதமர் இந்திரா காந்தி வானொலியில் பேசப்போகிறார் என்று அறிவிப்பு வந்திருந்தது. அந்த நேரம் பார்த்துக் கடல் பக்கமிருந்து ஒரு பெரிய வெடிச்சத்தம், கரையோர வீடுகளின் ஜன்னல்கள் எல்லாம் தடதடவென்று ஆடின. என்ன ஏது என்று யாருக்கும் தெரியவில்லை.

அந்தச் சத்தத்தில் செத்துப்போனது பி.என்.எஸ். காஸி, பாகிஸ்தான் கடற்படையின் முதல் நீர்மூழ்கிக் கப்பல். உள்ளே இருந்த 90-க்கும் மேற்பட்டவர்களில் ஒருவர்கூடப் பிழைக்கவில்லை. (பெயரைப் பார்த்ததும் கங்கைக்கரைக் காசியை நினைத்துவிட வேண்டாம். இது அரபுச் சொல், மார்க்கத்துக்காகப் போரிட்ட வீரன் என்று அர்த்தம்.)

காஸியைப் பற்றிப் பேச்செடுத்தாலே சண்டை ஒரே இடத்தில்தான் வந்து நிற்கும்: அதை இந்தியா மூழ்கடித்ததா, இல்லை தானாக வெடித்ததா? அதற்கும் வருவேன். ஆனால் எனக்கு அதைவிடப் பெரிதாகத் தெரிவது வேறு. அந்தக் கிழட்டுக் கப்பல் இந்தியாவைச் சுற்றிக்கொண்டு அவ்வளவு தூரம் ஏன் வந்தது? கடைசியில் விசாகப்பட்டினத்தின் வாசலில் வந்து நிற்க வைத்தது யார்?

கிழட்டுக் கப்பல் என்று சும்மா சொல்லவில்லை. காஸி பிறந்தது அமெரிக்காவில், போர்ட்ஸ்மவுத் கடற்படைக் கட்டுமானத் தளத்தில். அப்போது அதன் பெயர் டயப்லோ. டென்ச் வகை நீர்மூழ்கி, 95 மீட்டர் நீளம், நீருக்கு மேலே மிதக்கும்போது சுமார் 1,570 டன், மூழ்கினால் 2,400 டன்னைத் தொடும். 1945 மார்ச் கடைசியில் பணியில் சேர்ந்தது. ஜப்பானை அடிக்கக் கட்டிய கப்பல், ஆனால் ஆகஸ்ட் 10-ஆம் தேதி பேர்ல் துறைமுகத்திலிருந்து முதல் போர் ரோந்துக்குக் கிளம்பி சைபான் தீவுக்குப் போய்ச் சேர்வதற்குள் சண்டையே முடிந்துவிட்டது. ஆக, ஒரு டார்பிடோகூட எதிரிமேல் விடாமல் அமெரிக்கக் கொடியின் கீழ் கிட்டத்தட்ட இருபது வருஷம் ஓடியது. 1964-இல் அதைக் குத்தகைக்கு எடுத்தது பாகிஸ்தான். தெற்காசியாவில் வேறு யாரிடமும் அப்போது நீர்மூழ்கி கிடையாது. இந்தியாவின் முதல் நீர்மூழ்கியான கல்வரி சோவியத் யூனியனில் பணியில் சேர்ந்ததே 1967 டிசம்பரில்தான்.

இந்த மாதிரிக் கப்பலுக்குள் இருப்பது எப்படி இருக்கும் என்று தெரிய வேண்டுமானால் விசாகப்பட்டினம் கடற்கரைக்கே போகலாம். அங்கே குர்சுரா என்ற இந்திய நீர்மூழ்கியை மணலில் ஏற்றி அருங்காட்சியகமாக வைத்திருக்கிறார்கள். அது சோவியத் தயாரிப்பு, காஸியைவிட வயதில் ரொம்பச் சிறியது, ஆனாலும் அதே டீசல், பேட்டரி இனம்தான், நீளமும் ஏறக்குறைய அதேதான். நான் போனபோது எனக்கு முன்னால் போனவர் வட்டக் கதவில் குனிய மறந்து நெற்றியை இடித்துக்கொண்டார், இரண்டு கதவு தள்ளி நானும் இடித்துக்கொண்டேன். நடைபாதையில் எதிரே ஒருவர் வந்தால் ஒருவர் சுவரோடு ஒட்டிக்கொள்ள வேண்டும். அப்புறம் அந்த டார்பிடோ அறை. படுக்கைப் பலகைகளும் டார்பிடோக்களும் ஒரே அறையில்தான். ரயிலில் நடு பெர்த்தில் படுக்கிற மாதிரி, தொட்டுவிடும் தூரத்தில் வெடிமருந்தை வைத்துக்கொண்டு படுத்திருக்கிறார்கள். காஸியிலும் அதே கதைதான். முன்பக்கம் ஆறு, பின்பக்கம் நாலு என்று பத்து டார்பிடோ குழாய்கள், மொத்தம் 28 டார்பிடோ வரை கொள்ளும். முன் அறைதான் பெரியது. கடைசியில் வெடித்ததும் அந்தப் பக்கம்தான்.

1965 போரில் காஸிதான் பாகிஸ்தானிடம் இருந்த ஒரே நீர்மூழ்கி. பம்பாய்க்கு வெளியே போய்க் காத்திருந்தது. இந்தியாவின் ஒரே விமானம் தாங்கிக் கப்பலான விக்ராந்த் அப்போது பழுதுபார்க்கும் தளத்தில் இருந்ததால் அதைப் பிடிக்க முடியவில்லை. பிரம்மபுத்திரா என்ற போர்க்கப்பலை அடித்துவிட்டதாகச் செய்தி பரவியது, வீர விருதுகளும் கொடுத்தார்கள், ஆனால் பிரம்மபுத்திரா ஒரு கீறல்கூட இல்லாமல் மிதந்துகொண்டிருந்தது. இருந்தாலும் அந்தப் போரில் காஸி ஒரு காரியம் செய்தது என்றுதான் சொல்ல வேண்டும்: அது எங்கே இருக்கிறது என்று தெரியாத பயமே எதிரிக்குத் தலைவலி. நீர்மூழ்கியின் பாதி பலம் அதுதான், கண்ணில் படாமல் இருக்கும்வரை அது எல்லா இடத்திலும் இருக்கிறது.

அந்தப் போருக்குப் பிறகு அமெரிக்கா ஆயுதத் தடை போட்டது. உதிரி பாகம் கிடைப்பது பெரும்பாடாகிவிட்டது. பெரிய பழுதுபார்ப்புக்காகக் கப்பலைத் துருக்கியில் உள்ள கோல்சுக் தளத்துக்கு அனுப்பினார்கள், அவர்களிடம் இதே மாதிரி அமெரிக்கக் கப்பல்கள் இருந்தன. சூயஸ் கால்வாய் 1967 போரில் மூடிக்கிடந்ததால் ஆப்பிரிக்காவையே சுற்றித்தான் போக வேண்டியிருந்தது, வந்ததும் அப்படியே. 1970-இல் திரும்பி வந்தபோது டார்பிடோ குழாய்கள் வழியே கடலில் கண்ணிவெடி விதைக்கும் வசதியும் சேர்ந்திருந்தது. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு வேண்டியிருக்கும்.

சரி, 1971. மார்ச் 25 இரவு டாக்காவில் ராணுவம் இறங்கியதிலிருந்தே கிழக்கு பாகிஸ்தான் பற்றி எரிந்துகொண்டிருந்தது. மேற்குக்கும் கிழக்குக்கும் நடுவே இந்தியா முழுவதும் குறுக்கே படுத்துக்கிடக்கிறது. படையோ அரிசியோ எண்ணெயோ, எது போவதாக இருந்தாலும் இலங்கையைச் சுற்றி சிட்டகாங் துறைமுகத்துக்குப் போக வேண்டும். அந்தக் கடல்வழியை அடைத்துவிட்டால் கிழக்கில் உள்ள பாகிஸ்தான் படை தனித்துவிடும். அடைப்பதற்கு இந்தியா வைத்திருந்த பெரிய ஆயுதம் விக்ராந்த். அதன் விமானங்கள் சிட்டகாங்கையும் காக்ஸ் பஜாரையும் அடிக்கும், வங்காள விரிகுடாவில் பாகிஸ்தானிடம் அதற்குப் பதில் சொல்ல எதுவும் கிடையாது. துறைமுகங்களில் நின்ற கப்பல்களையே ஆகஸ்டில் வங்காளக் கடற்கொமாண்டோக்கள் நீந்திப்போய் வெடி வைத்துத் தகர்த்திருந்தார்கள். அந்தக் கொமாண்டோ படையை உருவாக்கியதில் முக்கியமானவர்கள், பிரான்ஸில் பாகிஸ்தானின் புது நீர்மூழ்கி மாங்க்ரோவிலிருந்து தப்பி வந்த எட்டு வங்காளி மாலுமிகள்.

ஆனால் விக்ராந்துக்கும் உடம்பு சரியில்லை. நான்கு பாய்லர்களில் ஒன்றில் விரிசல். முழு வேகம் போக முடியாது, 16 நாட் (மணிக்கு சுமார் 30 கிலோமீட்டர்) வேகத்துக்கு மேல் விரட்டினால் ஆபத்து என்ற நிலை. விமானம் தாங்கிக்கு வேகம் என்பது சொகுசு விஷயம் இல்லை. தளத்திலிருந்து விமானம் மேலே ஏற எதிர்க்காற்று வேண்டும், அந்தக் காற்றைக் கப்பலின் ஓட்டம்தான் உண்டாக்கித் தர வேண்டும். அதோடு, மெதுவாகப் போகிற பெரிய கப்பலைப்போல நீர்மூழ்கிக்கு வசதியான இரை வேறு கிடையாது. இதைச் சண்டைக்கே அனுப்ப வேண்டாம் என்ற பேச்சும் நடந்தது. அனுப்புவோம் என்று முடிவானபோது, காப்பாற்றும் பொறுப்பு கிழக்குக் கடற்படைத் தளபதி வைஸ் அட்மிரல் என். கிருஷ்ணன் தலையில் விழுந்தது. நாகர்கோவிலில் பிறந்தவர், இரண்டாம் உலகப் போரில் வீர விருது வாங்கியவர்.

பாகிஸ்தான் பக்கம் பார்த்தால் கணக்கு சுலபம். அவர்களிடம் நான்கு நீர்மூழ்கிகள். மூன்று பிரெஞ்சுக்காரர்கள் கட்டிய டாஃப்னே வகை: புதியவை, சத்தம் குறைவு, ஆனால் சிறியவை, அவ்வளவு தூரம் போய் நின்று சண்டை போட்டுத் திரும்பும் தெம்பு கிடையாது. நான்காவது காஸி. 11,000 கடல்மைல் போகும். பசிபிக்கைக் கடக்கக் கட்டிய கப்பல் அல்லவா. ஆகவே வங்காள விரிகுடாவுக்குப் போக முடிந்தது அது ஒன்றுதான். அது தகுதியான கப்பலா என்பது வேறு கேள்வி. வயது 26, எந்திரங்கள் தேய்ந்தவை, பக்கத்தில் எந்தத் துறைமுகமும் உதவாது, சிட்டகாங்கில் நீர்மூழ்கியைப் பராமரிக்கும் வசதி கிடையாது. இருப்பது ஒன்று என்றால் அதைத்தான் அனுப்புவார்கள். இந்த இடத்திலேயே பாதி முடிவு எழுதப்பட்டுவிட்டது என்று எனக்குத் தோன்றும்.

நவம்பர் 14 அன்று கமாண்டர் ஜாஃபர் முகமது கான் தலைமையில் காஸி கராச்சியை விட்டுக் கிளம்பியது. கிட்டத்தட்ட 4,800 கிலோமீட்டர் பயணம். 16-ஆம் தேதி பம்பாய்க்கு வெளியே 400 மைல் தள்ளி, 19-இல் இலங்கைப் பக்கம், 20-இல் வங்காள விரிகுடாவுக்குள். வேலை இரண்டு: முதலில் விக்ராந்தைத் தேடி அடிப்பது, அடுத்தது விசாகப்பட்டினத்தின் முகப்பில் கண்ணிவெடி விதைப்பது. 23-ஆம் தேதி சென்னைக்கு வெளியே தேடத் தொடங்கியது. மெரினாவில் சாயங்காலம் சுண்டல் வாங்கிக் கொறித்துக்கொண்டிருந்தவர்களுக்கு எதிரே, அடிவானத்துக்கு அந்தப்பக்கம் எங்கோ ஒரு பெரிஸ்கோப் சுற்றிச் சுற்றிப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறது.

பார்த்து என்ன பயன், விக்ராந்த் சென்னையை விட்டுப் போய்ப் பத்து நாள் ஆகிவிட்டது. கிருஷ்ணன் அதை அந்தமானின் வடகோடியில், சுற்றிலும் காடு சூழ்ந்த போர்ட் கார்ன்வாலிஸ் விரிகுடாவுக்குள் கொண்டுபோய் ஒளித்து வைத்திருந்தார். ரகசியப் பேச்சில் அந்த இடத்துக்கு வைத்த பெயர் போர்ட் எக்ஸ்-ரே. வெளியுலகத் தொடர்பே இல்லாத இடம், ஆகவே விஷயம் கசிய வழியில்லை.

காஸி வருகிறது என்று கிருஷ்ணனுக்கு எப்படித் தெரிந்தது? இங்கேதான் எனக்கு ரொம்பப் பிடித்த சின்ன விஷயம். சிட்டகாங்கில் இருந்த கடற்படை அலுவலகத்துக்கு வந்த ஒரு வயர்லெஸ் செய்தியை இந்தியர்கள் ஒட்டுக்கேட்டார்கள். ஒரு குறிப்பிட்ட மசகு எண்ணெய் கிடைக்குமா என்ற விசாரிப்பு. அவ்வளவுதான். ஆனால் அந்த எண்ணெயைப் பயன்படுத்துவது நீர்மூழ்கிகளும், கடலில் கண்ணிவெடிகளை அகற்றும் கண்ணிவாரிக் கப்பல்களும் மட்டுமே. பாகிஸ்தானின் கண்ணிவாரிகளுக்கு இந்தப் பக்கம் வேலையில்லை, டாஃப்னேக்களால் இவ்வளவு தூரம் வர முடியாது. மிச்சம் காஸிதான். ஸ்டோர் கீப்பர் மட்டத்தில் நடந்த ஒரு விசாரிப்பு, ஒரு போர்க்கப்பலின் பயணத்தையே காட்டிக்கொடுத்துவிட்டது.

அடுத்து கிருஷ்ணன் ஆடியது பக்கா நாடகம். ராஜ்புத் என்று ஒரு பழைய நாசகாரிக் கப்பல் (டெஸ்ட்ராயர்) இருந்தது, உலகப் போரில் ரோதர்ஹாம் என்ற பெயரில் பிரிட்டிஷ் கடற்படையில் ஓடியது, பணி ஓய்வுக்குக் காத்திருந்தது. அதை விசாகப்பட்டினத்துக்கு 160 மைல் வெளியே அனுப்பி, நீதான் விக்ராந்த், விக்ராந்த் மாதிரியே நடந்துகொள் என்றார். போர்க்காலத்தில் பெரிய கப்பல்கள் வயர்லெஸ்ஸில் வாயைத் திறக்காமல் இருக்கும். ராஜ்புத் வேண்டுமென்றே விக்ராந்தின் அழைப்புக்குறியில் வளவளவென்று பேசியது. சென்னைத் துறைமுகத்தில் விக்ராந்த் வரப்போகிறது, இடம் ஒதுக்குங்கள் என்று சொல்லி வைத்தார்கள். விசாகப்பட்டினம் சந்தையில் ஒரு பெரிய கப்பல் கூட்டத்துக்கே போதுமான அளவு இறைச்சியும் காய்கறியும் ஆர்டர் கொடுத்தார்கள். அங்கே உளவாளி யாராவது இருந்தால், கப்பல்கள் வந்திருக்கின்றன என்று அவனே கணக்குப் போட்டுக்கொள்வான். இதற்கெல்லாம் மேலாக ஒரு தந்தி. விக்ராந்தில் வேலை பார்க்கும் மாலுமி ஒருவர், ஊரில் அம்மாவுக்கு உடம்பு ரொம்ப மோசம் என்று கேள்விப்பட்டு நலம் விசாரிப்பதாக, சாதாரணமாக, பாதுகாப்பே இல்லாமல் அனுப்பிய தந்தி. போர்க்கப்பல் இருக்கும் இடத்தை ஒரு மகன் பதற்றத்தில் உளறிவிட்டான் என்று எதிரி நம்ப வேண்டும்.

நம்பினார்கள். விக்ராந்த் துறைமுகத்தில் இருப்பதாக உளவுத் தகவல், உடனே விசாகப்பட்டினம் பகுதிக்குப் போ என்று கராச்சியிலிருந்து காஸிக்கு உத்தரவு போனது. அந்தமானில் இருக்கும் கப்பலுக்காக ஆந்திரக் கரையில் காத்திருக்கச் சொல்லி.

நவம்பர் கடைசிக்குப் பிறகு காஸியிடமிருந்து கராச்சிக்குச் செய்தி எதுவும் வரவில்லை.

டிசம்பர் 3 இரவுக்கு வருவோம். ராஜ்புத் எண்ணெய் நிரப்பத் துறைமுகத்துக்கு வந்திருந்தது. கப்பல் தலைவர் லெப்டினன்ட் கமாண்டர் இந்தர் சிங். வெளியே நீர்மூழ்கி இருக்கலாம் என்று கிருஷ்ணன் எச்சரித்திருந்தார், கலங்கரை விளக்கம் உட்பட வழிகாட்டும் விளக்குகள் எல்லாவற்றையும் அணைக்கச் சொல்லியிருந்தார். நள்ளிரவுக்குச் சற்று முன் ராஜ்புத் கிளம்பியது. துறைமுகக் கால்வாயில் வழிகாட்டும் பைலட் இறங்கிப் போனபின் இந்தர் சிங்குக்கு ஒரு யோசனை வந்திருக்கிறது: நான் நீர்மூழ்கித் தலைவனாக இருந்தால் இந்த வாயிலில்தான் காத்திருப்பேன், மெதுவாக வெளியே வரும் கப்பலை அடிப்பேன். ஆகவே முழு வேகம் கொடுத்தார். கொஞ்ச தூரத்தில், கப்பலுக்கு முன்னால் நீர் கலங்குவதைக் கண்காணிப்பவர் பார்த்துச் சொன்னார். நீர்மூழ்கி அவசரமாக மூழ்கும்போது அப்படிக் கலங்கும். வேறு எதுவாகவும் இருந்திருக்கலாம். ராஜ்புத் அந்த இடத்துக்கு விரைந்து போய் இரண்டு ஆழ்நீர் வெடிகளை உருட்டிவிட்டது. அது நள்ளிரவு 12.15 வாக்கில். சில நிமிடங்களில் அந்தப் பெரிய வெடிப்பு. நின்று தேடிப் பார்த்தார்கள், ஒன்றும் தென்படவில்லை, தங்களுக்கு இட்ட வேலையைப் பார்க்க வங்காளப் பக்கம் போய்விட்டார்கள்.

காலையில் மீனவர்கள்தான் மிதந்துவந்த பொருட்களைக் கொண்டுவந்து கொடுத்தார்கள். நீர்மூழ்கி மீட்புக் கப்பலான நிஸ்தார் வந்தது, முக்குளிப்பவர்கள் இறங்கினார்கள். கரையிலிருந்து சில கிலோமீட்டரில் முன்பக்கம் பிளந்துபோன ஒரு நீர்மூழ்கி கிடந்தது. கிடைத்தவற்றில் வரைபடங்கள், உத்தரவுக் காகிதங்கள், அப்புறம் டயப்லோ என்று பெயர் போட்ட உயிர்க்காப்புச் சட்டை. பாகிஸ்தான் கொடியின் கீழ் ஏழு வருஷம் ஓடியும் பழைய அமெரிக்கப் பெயர் அந்தச் சட்டையில் அப்படியே இருந்திருக்கிறது.

இப்போது அந்தச் சண்டைக்கு வரலாம். ராஜ்புத் அடித்துத்தான் காஸி மூழ்கியது என்பது இந்தியக் கடற்படையின் அதிகாரபூர்வக் கதை, இந்தர் சிங்குக்கு வீர் சக்ரா கிடைத்தது. கண்ணிவெடி விதைக்கும்போது தன் வெடியிலேயே சிக்கியது, அல்லது உள்ளே வெடித்தது என்பது பாகிஸ்தான் தரப்பு. ஆழ்நீர் வெடி கப்பலைத் தொட வேண்டும் என்றில்லை. நீருக்குள் வெடித்து அதன் அழுத்தத்தால் இரும்பு உடலை நெரிக்கும். ஆனால் பக்கத்தில் வெடிக்க வேண்டும், நீர்மூழ்கி எந்த ஆழத்தில் இருக்கிறது என்றும் தெரிய வேண்டும். போரில் பல கப்பல்கள் சேர்ந்து மணிக்கணக்கில் டஜன் கணக்கில் வெடிகளைக் கொட்டியும் நீர்மூழ்கிகள் நழுவிப்போன கதைகள் ஏராளம். கண்ணால் பார்த்த கலங்கலை வைத்து இருட்டில் உருட்டிவிட்ட இரண்டே வெடிகள் நேராகப் பலித்தன என்பது லாட்டரி மாதிரி. நடக்காது என்று சொல்லவில்லை. லாட்டரியும் யாருக்கோ விழத்தான் செய்கிறது.

இடைப்பட்ட ஒரு விளக்கமும் உண்டு. வேகமாக வரும் கப்பல் சத்தம் கேட்டுக் காஸி அவசரமாக மூழ்கியிருக்கும். அங்கே ஆழம் குறைவு, தரையில் மோதியிருக்கும், அல்லது பக்கத்தில் வெடித்த வெடி அதை உலுக்கியிருக்கும். முன் அறையில் அடுக்கியிருந்த டார்பிடோவோ கண்ணிவெடியோ தீப்பிடித்துச் சில நிமிடம் கழித்து வெடித்திருக்கும். முதல் வெடிகளுக்கும் பெரிய வெடிப்புக்கும் நடுவில் இருந்த இடைவெளிக்கு இது பொருந்துகிறது.

பேட்டரிக் கதை தனி. டீசல் நீர்மூழ்கி மூழ்கியிருக்கும்போது ஓடுவது பேட்டரியில், காஸி வகையில் மார்பளவு உயரம் கொண்ட 252 ஈய அமிலக் கலங்கள். அவற்றைச் சார்ஜ் செய்யும்போது ஹைட்ரஜன் வாயு கசியும். காற்றில் அது 4 சதவீதத்தைத் தாண்டினால் ஒரு சின்னப் பொறி போதும். அதை வெளியேற்றக் காற்றோட்ட விசிறிகள், அளந்து சொல்லும் கருவிகள் எல்லாம் உண்டு, எல்லாமே சரியாக வேலை செய்ய வேண்டும். மூன்று வாரமாகக் கடலில் இருக்கும், உதிரி பாகம் கிடைக்காத, 26 வயதுக் கப்பலில். நம் வீட்டு இன்வெர்ட்டர் பேட்டரிக்கே ஜன்னல் பக்கமாக வை என்கிறார்கள்.

இந்தியத் தரப்பிலிருந்தே சந்தேகம் வந்ததுதான் சுவாரசியம். அப்போது தரைப்படையின் கிழக்குக் கட்டளையகத்தில் சீஃப் ஆஃப் ஸ்டாஃபாக இருந்த ஜே.எஃப்.ஆர். ஜேக்கப் பின்னாளில் எழுதியது: டிசம்பர் 3 அன்றே கிருஷ்ணன் தொலைபேசியில் கூப்பிட்டு, மீனவர்கள் நீர்மூழ்கியின் சிதைவைக் கண்டதாகச் சொன்னார், மறுநாள் கூப்பிட்டு அந்தப் பேச்சை மறந்துவிடச் சொன்னார். அது உண்மையானால் ராஜ்புத் கிளம்பும் முன்பே காஸி செத்துவிட்டது. அப்படியென்றால் ஊரை அதிரவைத்த அந்த நள்ளிரவுச் சத்தம் எது என்று அடுத்த கேள்வி வரும். காஸியிலிருந்து எடுத்த கடிகாரம் ராஜ்புத் வெடி போட்ட நேரத்தில்தான் நின்றிருந்தது என்று கடற்படைக் கதையை ஆதரிப்பவர்கள் சொல்வார்கள். காகிதத்தைப் பார்த்துத் தீர்த்துக்கொள்ளலாம் என்றால், காஸி பற்றிய கோப்புகளை 1980-லேயே அழித்துவிட்டார்கள் என்று 2010-இல் செய்தி வெளியானது. சரித்திரம் என்று மார்தட்டிக்கொள்ளும் விஷயத்தின் கோப்பையே இடநெருக்கடிக் காகிதம் மாதிரிப் பாவித்திருக்கிறோம். கோபம்தான் வருகிறது.

என்னைக் கேட்டால், வெடிப்பு உள்ளிருந்து வந்தது என்பதையே நம்புவேன். சிதைவைப் பார்த்த முக்குளிப்பவர்கள் சொன்னதாக வரும் விவரங்களும் அதற்குத்தான் பொருந்துகின்றன. உடனே ராஜ்புத்தை அவமானப்படுத்துகிறேன் என்று சிலர் கிளம்புவார்கள். ஒரு நிமிடம் யோசியுங்கள். தன் கண்ணிவெடியிலேயே மாட்டியது என்று வைத்துக்கொண்டாலும், அந்த வாயிலில் அது ஏன் நின்றது? இல்லாத விக்ராந்த் இருக்கிறது என்று நம்பவைத்ததால். கரையில் விளக்கு ஒன்றும் எரியாத இருட்டில் தான் எங்கே இருக்கிறோம், எங்கே வெடி விதைத்தோம் என்று கச்சிதமாக அறிவது நீர்மூழ்கிக்கு எவ்வளவு கஷ்டம்? அந்த விளக்குகளை அணைக்கச் சொன்னதும் அதே ஆள்தான். பேட்டரி வெடித்தது என்று வைத்தாலும், அந்தக் கப்பலை அத்தனை நாள் ஓய்வில்லாமல் கடலில் அலையவிட்டது விக்ராந்த் தேடல்தான். எந்தக் கதையை எடுத்தாலும் கிருஷ்ணனின் கை அதில் இருக்கிறது. கடைசி அடி யாருடையது என்று தீர்க்க ஏன் இவ்வளவு மெனக்கெட வேண்டும் என்று புரியவில்லை.

ஒன்று மட்டும் உறுதியாகச் சொல்லலாம்: சினிமாவில் காட்டுவதுபோல இந்திய நீர்மூழ்கி எதுவும் கடலடியில் காஸியோடு சண்டை போடவில்லை.

காஸி போனதால் நடந்தது என்ன? டிசம்பர் 4 அன்றே விக்ராந்தின் விமானங்கள் காக்ஸ் பஜாரையும் சிட்டகாங்கையும் அடிக்க ஆரம்பித்தன. கிழக்கே கடல்வழி அடைபட்டது, 16-ஆம் தேதி டாக்காவில் சரணடைவு. காஸி மூழ்கிய செய்தியை இந்தியா வெளியிட்டது டிசம்பர் 9 அன்று. அதே 9-ஆம் தேதி ராத்திரிதான் டையூவுக்கு அப்பால், காஸியின் சின்னத் தம்பியான டாஃப்னே வகை ஹங்கோர், இந்தியப் போர்க்கப்பல் குக்ரியை டார்பிடோவால் அடித்து மூழ்கடித்தது. கேப்டன் மகேந்திரநாத் முல்லா உட்பட 18 அதிகாரிகளும் 176 மாலுமிகளும் போனார்கள். ஒரு தரப்பு வெற்றியை அறிவித்த அன்றே அதே தரப்பில் இத்தனை வீடுகளில் ஒப்பாரி. கராச்சியில் காஸிக்காரர்களின் குடும்பங்களுக்கும் விஷயம் எதிரியின் அறிவிப்பு வழியாகத்தான் எட்டியது. 1975-இல் போர்ச்சுகலிடம் வாங்கிய ஒரு பழைய டாஃப்னேக்குப் பாகிஸ்தான் மறுபடி காஸி என்றே பெயர் வைத்தது.

விசாகப்பட்டினம் கடலில் காஸி தனியாகவும் இல்லை. 1944 பிப்ரவரியில் கொழும்பிலிருந்து கல்கத்தா போன சரக்குக் கப்பல் கூட்டத்தை இதே ஊருக்கு வெளியே தாக்கிய ஜப்பானிய நீர்மூழ்கி ஆர்.ஓ.-110-ஐ, பிரிட்டிஷ் இந்தியக் கடற்படையின் ஜும்னாவும் இரண்டு ஆஸ்திரேலியக் கப்பல்களும் சேர்ந்து மூழ்கடித்தன. ஜப்பானியரை வேட்டையாடக் கட்டிய டயப்லோ, ஜப்பானிய நீர்மூழ்கி ஒன்று மூழ்கிய அதே கடலில் வந்து படுத்தது தற்செயல்தான், ஆனாலும் ஒரு நொடி நிற்க வைக்கிறது.

சிதைவை மேலே தூக்கித்தருகிறோம் என்று அமெரிக்காவும் சோவியத் யூனியனும் ஆளுக்கு ஆள் முன்வந்ததாகவும் இந்தியா வேண்டாம் என்று சொன்னதாகவும் சொல்வார்கள். 2024-இல் இந்தியக் கடற்படை, மூழ்கிய நீர்மூழ்கியிலிருந்து ஆட்களை மீட்பதற்காக வாங்கிய ஆழ்கடல் கலத்தை வைத்து அந்த இடத்தை மறுபடி பார்த்தது. எதையும் தொடவில்லை, உள்ளே இறந்தவர்கள் கிடக்கும் கப்பலைத் தொடுவது கடற்படைகளின் வழக்கம் இல்லை. முன்பக்கத் தகடு எந்தப் பக்கம் வளைந்திருக்கிறது, உள்நோக்கியா வெளிநோக்கியா என்ற கேள்விக்கு அங்கேயே பதில் இருக்கிறது. மேலே மீன்பிடிப் படகுகள் போய்வருகின்றன, கரையில் குர்சுராவுக்குள் டிக்கெட் வாங்கி நுழைகிறவர்கள் வட்டக் கதவில் தலையை இடித்துக்கொண்டே இருக்கிறார்கள்.